கூலிங்குக்குக் கிடைத்த மே மாதம்

புறங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இடம், பல் மருத்துவரின் வரவேற்பறை. மற்றவர்களெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் சுவரோரம் போய் ஏசியின் வாய்க்கு நேரே கையைக் காட்டி, கண்ணை மூடிப் பத்து வரைக்கும் எண்ணுகிறார். பிறகு மேசைக்குப் பின்னாலிருக்கும் பெண்ணிடம், "கேஸ் பாதிதாம்மா இருக்கு. இன்னும் ரெண்டு வாரத்துல உள்ள ஐஸ் கட்டும், பாருங்க" என்கிறார். வந்தது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க.

வங்கி, நூலகம், மகளின் பள்ளி என்று எங்கே போனாலும் இதே கூத்துதான். ஒருமுறை துக்க வீட்டில்கூட, செத்தவருக்கு மரியாதை செய்து தலை நிமிர்ந்த கையோடு மேலே ஏசியைப் பார்த்துவிட்டு, "வடியுற தண்ணி சுவத்துக்குள்ள போகுதுடி" என்று மனைவியின் காதில் சொல்லி, இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டார்.

நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக ஏசி மெக்கானிக். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பழைய ஊரிலும் கூலிங்தான், இந்தப் புது நாட்டிலும் கூலிங்தான். ஒல்லியான ஆள், ஆனால் கை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் பெரிது. வேலை செய்யும்போது உதட்டில் எப்போதும் மூன்று திருகாணி இருக்கும். அதை வைத்துக்கொண்டே வீட்டுக்காரரோடு பேச்சும் நடக்கும். வெளியே இருக்கும் பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பார்.

"மிஷினு பொய் சொல்லாது. 'நேத்துதான் ஃபில்டர் கழுவினேன்'னு நிக்கிறாரு பாருங்க, அவருதான் சொல்லுவாரு" என்பது அவருடைய அனுபவ மொழி. ஃபில்டரைக் கழற்றி, பூனைக்குட்டி அளவுக்குத் தூசியைத் திரட்டி, வீட்டுக்காரர் கையில் வைத்து, "இந்தாங்க, உங்க குழந்தை" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபிப்பதற்குள் அறை குளிர்ந்துவிடும்.

பூமியின் மேல்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்குக் குடும்பத்தோடு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மனைவிக்கு ஒரு பெரிய துணிக்கடையில் தைத்துத் திருத்தும் வேலை. ஒரே மகள், பள்ளியில் படிக்கிறாள். வந்து இறங்கியது ஒரு ஆகஸ்டில். விமான நிலையத்தின் கதவு திறந்ததும் மூன்று பேருக்கும் பல் கிட்டிப்போயிற்று. "ஆகஸ்ட்லயா ஸ்வெட்டரு? சொன்னா சிரிப்பாங்கடி!" என்று வழியெல்லாம் புலம்பினார். முதல் மூன்று வாரமும் அவருக்குக் கிடைத்தது ஹீட்டர் வேலை. "குளிர வைக்கப் பொறந்தவனைக் கூப்பிட்டு சூடு பண்ணச் சொல்றாங்களே, இது எந்த ஊரு நியாயம்?" என்று கேட்டுக்கொண்டேதான் செய்தார். செய்த வேலையில் மட்டும் ஒரு குறை கிடையாது.

ஊர் மாறினால் மொழி மாறும், சாலையில் போகும் பக்கம் மாறும். அதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மாதங்களே தலைகீழாக நிற்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஏசிக்காரனுக்கு நாட்காட்டி சுவரில் இல்லை, உடம்பில் இருக்கிறது. மார்ச் பாதியில் அவருக்கு இடது முழங்கால் தானாகவே ஏணிப்படியைத் தேடும். ஜூன் முடிகிறவரைக்கும் அவர் தன் வீட்டுக்கே விருந்தாளி. டிசம்பர் வந்தால் உடம்பு கட்டை மாதிரிப் படுத்துக்கொள்ளும். அந்த மாதம்தான் வீட்டு ஃபேனைத் துடைப்பார், மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவார், மகளின் நோட்டுக்கு அட்டை போடுவார்.

அந்தப் பழக்கத்தில், வந்த வருடமே தான் வேலை செய்யும் ஏசிக் கடையின் முதலாளியம்மாளிடம் போய் டிசம்பரில் பதினைந்து நாள் லீவு கேட்டுவிட்டார்! முதலாளி அறுபது வயது அம்மாள். இந்த மண்ணில் முப்பது வருடமாக இருக்கிறவர், மூன்று வேன் வைத்துத் தொழில் நடத்துகிறவர். எல்லாருக்கும் அக்கா.

"டிசம்பர்ல லீவா? கல்யாணத்தன்னிக்கு சமையல்காரன் லீவு கேட்ட மாதிரி இருக்கு தம்பி" என்றார் அக்கா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு.

"இல்லக்கா, சும்மாதானே இருப்போம்னு..."

"சும்மாவா? வெளிய போய் நின்னு பாரு."

போய் நின்று பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த டிசம்பரும் ஜனவரியும் பிப்ரவரியும் அவர் கூரைகளின் மேல்தான் குடியிருந்தார். ஆனால் மனிதர்கள் நல்லவர்கள். ஏணியை விட்டு இறங்கும்போது யாராவது ஒருவர் குளிர்ந்த தண்ணீரோடு நிற்பார்கள். வேலை முடிந்ததும் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். "இருபத்திரெண்டு வருஷத்துல எனக்கு யாருமே நன்றி சொன்னதில்லடி. 'இவ்வளவு நேரமா?'ன்னுதான் கேட்டிருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். வேலை வாங்கிக்கொண்டாலும் அக்கா சோறு போட்டுத்தான் வாங்கிக்கொண்டார். ஆட்களுக்கெல்லாம் கடையிலேயே சாப்பாடு.

ஏப்ரல் வந்தது. மரங்கள் மஞ்சளாகத் தொடங்கின. காற்றில் லேசான குளிர். கண் பார்த்தது, தோல் உணர்ந்தது, முழங்கால் மட்டும் கேட்கவில்லை. ஏப்ரல் என்றால் ஏப்ரல்தான் அதற்கு. ஏணிக்கு எண்ணெய் போட்டார். ஏசிக்குள் போடும் கெபாசிட்டர்களை அளவுவாரியாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்கினார். அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. ஒரு மாலை, மனைவி வேலையிலிருந்து வருவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்த மகளிடம், வருடா வருடம் சொல்லும் வாக்கியத்தையும் சொல்லிவிட்டார்.

"பாப்பா, பதினேழாம் தேதி அப்பாவை எதிர்பார்க்காதடா. சீசன்."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்பா."

மே பதினேழு அவள் பிறந்த நாள். ஏசிக்காரனுக்கு மே மாதத்தில் பிள்ளை பிறக்கலாமா? பிறந்துவிட்டாள். பிறந்த அன்றைக்கே அவர் ஒரு ஆறுமாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தார். மருத்துவமனைக்கு ஓடிவந்து குழந்தையை வாங்கியபோது சட்டைப் பையில் திருகாணி குலுங்கியது. அதற்குப் பிறகு வந்த பதினைந்து பிறந்த நாளிலும், அவள் எழுந்திருக்கும்முன் கிளம்பி, அவள் தூங்கினபின் வந்திருக்கிறார். எந்தப் புகைப்படத்திலும் அவர் இல்லை. ஏழு வயதுவரை அழுதாள். எட்டாவது வயதிலிருந்து, கேட்கிறவர்களிடம் தானே முந்திக்கொண்டு, "அப்பாவுக்கு சீசன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அந்தக் குரல் பெரிய மனுஷி குரல். அதைக் கேட்ட ஒவ்வொரு முறையும், அடுத்த வருடம் வீட்டில்தான் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொள்வார். ஆனாலும் அடுத்த மே மாதம் ஏணிதான் ஜெயித்தது.

மே முதல் வாரத்தில் அக்கா அவரைக் கூப்பிட்டார். கடையில் தொலைபேசி தூங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இந்த மாசம் இங்க நாம ஈ ஓட்டுற மாசம். ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம், ஜன்னலைத் திறந்தாப் போதும் ஜனங்களுக்கு. டிசம்பர்ல லீவு கேட்டியே, இப்ப எடுத்துக்கோ. பன்னெண்டுல இருந்து இருபத்திரெண்டு வரைக்கும்."

கூலிங் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா... பதினேழு அதுக்குள்ள வருதா?"

"பன்னெண்டுக்கும் இருபத்திரெண்டுக்கும் நடுவுல பதினேழு வராம வேற எங்க போகும்?"

அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். "இந்தப் பூமி உருண்டையா இருக்கே, அதுக்குக்கா" என்றார். அக்கா, "உனக்குத்தான் கேஸ் லீக் ஆகுது போல" என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பறந்து வீட்டுக்கு வந்தார். மகள் அதே மேசையில் இருந்தாள்.

"பாப்பா! பதினேழு அப்பாவுக்கு லீவு! வீட்லதான் இருப்பேன்."

அவள் பேனாவை மூடினாள். "ஃப்ரெண்டு வீட்டுக்கு வரேன்னு சொல்லிட்டேன்பா. எட்டு பேரு வராங்க."

"ஓ." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான்தான் உளறிட்டேன்டா. இங்க மே மாசம் சீசனே கிடையாது. பழைய ஞாபகத்துல வாய் தானா சொல்லிடுச்சு."

"சீசன் இல்லன்னு எனக்குத் தெரியும்பா."

"தெரியுமா? அப்புறம் ஏன்டா கேக்கல?"

"சீசன் இல்லாட்டியும் நீங்க இருக்க மாட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போல் சாதாரணமாகச் சொன்னாள். அவர் புறவாசலுக்குப் போய், ஓடாத அவுட்டோர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மனைவி வந்து விஷயத்தைக் கேட்டு, முதலில் அவரைத் திட்டினாள், பிறகுதான் யோசித்தாள். "கெஞ்சாதீங்க. கெஞ்சினா அவளுக்குப் பிடிக்காது. அன்னிக்கு வீட்ல இருங்க, அது போதும். ஸ்பேனரைத் தொட்டீங்கன்னா தொலைச்சுடுவேன்."

மறுநாள் மகளே வந்து சொன்னாள், பள்ளிப்பையை மாட்டிக்கொண்டே: "ரெண்டு மணிக்குத்தான் போகணும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். வேணும்னா பதினோரு மணிக்கு கேக் வெட்டிக்கலாம்." அவருக்கு அது போதும். போதும் என்பதைவிட அதிகம். அன்றைக்கு முழுதும், பார்த்தவர்களிடமெல்லாம் பதினோரு மணி, பதினோரு மணி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பன்னிரண்டாம் தேதி லீவு ஆரம்பித்தது. மே மாதத்துப் பகலில் வீடு எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. சமையலறைக்கு எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, அடுத்த வீட்டுக்காரர் எப்போது தும்முகிறார் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மனைவிக்கு அறிவித்தார். மூன்றாம் நாளே ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, கரண்டிக் காம்பால் ஒரு அடி வாங்கினார்.

பதினேழு, சனிக்கிழமை. பத்து மணிக்கு அறையைவிட்டு வந்த மகள், முதலில் வாசல் பக்கம்தான் பார்த்தாள். அவருடைய வேலைக் காலணி இரண்டும் அங்கேயே கிடந்தன. பிறகு முகம் கழுவப் போனாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், மேசைக்கு முன்னால், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு அடக்கமா உக்காரல இவரு" என்றாள் மனைவி.

ஜன்னல் திறந்திருந்தது. குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை. வீட்டில் ஒரு மிஷினும் ஓடவில்லை. மெழுகுவர்த்தியை ஊதியதும் அவர் கை தட்டினார், தாளம் தப்பிப்போய். மகள் சிரித்துவிட்டாள். அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டினாள். தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். பிறகு, பேசிக்கொண்டே, க்ரீம் பூ இருந்த மூலையைப் பார்த்துப் பெரிய துண்டாக வெட்டினாள். அலமாரியிலிருந்து ஒரு மூடி டப்பாவை எடுத்து அதற்குள் துண்டை வைத்து, மூடியை நாலு பக்கமும் அழுத்தி, ஃப்ரிட்ஜைத் திறந்து, இரண்டாம் தட்டில் உள்ளே தள்ளி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கூலிங்குக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒவ்வொரு மே பதினேழும் வேலை முடிந்து வந்தால், ஃப்ரிட்ஜின் இரண்டாம் தட்டில் அவருக்கு ஒரு டப்பா இருக்கும், பூ இருக்கும் துண்டாகப் பார்த்து. அதை மனைவிதான் எடுத்து வைக்கிறாள் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மகள் கதவை மறுபடி திறந்தாள். டப்பாவை வெளியே எடுத்து, அவருக்கு முன்னால் வந்து நின்று, மூடியைக் கழற்றினாள்.

"வாயைத் திறங்கப்பா."

அவர் வாயைத் திறந்தார். ஒரு துணுக்கும் கீழே சிந்திவிடக் கூடாதென்று, அந்தப் பெரிய கைகள் இரண்டையும் குவித்து, அவள் கைக்குக் கீழே ஏந்திக்கொண்டார்.