ஒழுக்குப் பிடிக்கும் பத்துமலை

அர்ச்சுனன் முதன்முதலில் பார்த்தபோது பத்துமலை ஒரு காரை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

காரை என்றால், அதன் மூக்கின் கீழே சொட்டிய தண்ணீரை. ஈப்போ ரயிலடிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மல்லாந்து படுத்தபடி, ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார். ரசத்துக்கு உப்புப் பார்க்கிறவரைப் போலக் கண்ணை மூடினார். பிறகு துப்பினார்.

"துரு இருக்கு. மழைத் தண்ணி இல்ல. ரேடியேட்டர்லேர்ந்துதான் வருது." தலைமாட்டில் நின்றவனின் வெள்ளைக் காற்சட்டையைக் கீழிருந்து மேலாக ஒருமுறை அளந்தார். "முதலாளியோட புதுக் கிராணியாரா? வெளிச்சத்த மறைக்கிறீங்க லா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கிராணி! சென்னையில் ரசாயனம் படித்து, சுற்றுவட்டாரத்திலேயே முதல் பி.ஏ. என்று பெயரெடுத்து, மேளதாளத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவன் அர்ச்சுனன். அவனைத் தோட்டத்தில் பேர் கூப்பிடும் குமாஸ்தாவோடு ஒரே வாயில் சேர்த்துவிட்டார் இந்த மனிதர். அன்று பிடித்த எரிச்சல் பிறகு தணியவே இல்லை.

பத்துமலைக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஓட்டை விழுந்த பால் வாளிகளுக்கு ஈயம் பற்றவைக்கப் பத்து வயதில் உட்கார்ந்தார். வாளியிலிருந்து பால்கொட்டகைத் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து துரை வீட்டுக் குளியலறைக்கும், அங்கிருந்து துரையின் காருக்கும் வந்து சேர்ந்தார். "ஒழுகுறது எல்லாம் ஒரே சாதிதான்" என்பார். மீசையின் இடப்பக்கம் பற்றவைக்கும் சூட்டில் கருகிக் கருகி, வளர்வதையே விட்டுவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் சுண்ணாம்பு டப்பா. வெற்றிலை இல்லாமல் பேச்சு வராது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்குமுன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, "கோவிச்சுக்காத தாயி" என்று அதற்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் திருகுவார்.

கார் முதலாளி ராமசுப்பிரமணியன் செட்டியாருடையது. அர்ச்சுனன் அவருக்குக் காரியதரிசியாக வந்தவன். செட்டியாருக்கு இருபத்தெட்டு வயது. சுங்காயில் ரப்பர்த் தோட்டம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து வாங்கிய பச்சை வண்டி, சண்டைக்கு முந்தியது, பந்தயத்துக்கென்று செய்தது. வேட்டியை மடித்துக் கட்டி, தூசிக் கண்ணாடி மாட்டி, சனிக்கிழமைதோறும் அவரே ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். அதில் இரண்டே இருக்கை.

அந்த இரண்டாவது இருக்கையில்தான் வினை. வழியில் கம்பார் ஊரைத் தாண்டுவதற்குள் வண்டி ஆவி கக்கும். ஆகவே தண்ணீர் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பத்துமலை பக்கத்தில் உட்காருவார். கோப்புக் கட்டோடு அர்ச்சுனன் ரயிலில் போவான்.

சுங்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் அவன் அக்காள் கருப்பம்மாள் பால்மரம் வெட்டுகிறாள், அதாவது பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறுகிறாள். பதினாலு வருஷமாக அவள் வெட்டிய மரங்கள்தான் அவனை பி.ஏ. ஆக்கின. 'முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காரில் வருவேன், லயத்து வாசலில் நின்று பார்' என்று அவளுக்கு எழுதியிருந்தான். அவள் ஊரையே கூட்டி நின்றாள். ரயிலிறங்கி, மாட்டுவண்டி பிடித்து, புழுதியோடு அவன் போய்ச் சேர்ந்தபோது வாசலில் இளநீர்க் கூடுகள் கிடந்தன.

"கார்ல வந்தவருதான் நீயின்னு நெனச்சிட்டாங்க தம்பி," என்றாள் அக்காள், சிரிப்பை அடக்க மாட்டாமல். "கங்காணி துண்டு போத்தி, இளநி வெட்டிக் குடுத்து, 'பி.ஏ. ஐயா வாங்க'ன்னு கும்பிட்டாரு. அந்த அண்ணன் என்னா சொல்லியும் கேக்கல. தங்கமான மனுசன்டா."

தங்கமான மனுசன்! அந்த வாரம் முழுக்க அர்ச்சுனனுக்குச் சோறு இறங்கவில்லை. நன்றாக யோசித்தால் ஒன்று புரிந்தது: ஒழுக்கு இருக்கும்வரைதான் பத்துமலைக்கு அந்த இருக்கை. பிறகு எந்த மடையன் ஒழுக்கை அடைப்பான்?

தானே அடைத்துக் காட்டுவதென்று ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தான். குழாய்களில் அழுக்குப் படிந்து அடைத்தால் தண்ணீர் கொதிக்கும், கொதித்தால் ஒழுகும், சலவைச் சோடா போட்டால் அழுக்கு கரையும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பத்துமலை சாப்பிடப் போனபோது, சூடு ஆறாத ரேடியேட்டரில் இரண்டு பிடி சோடாவைக் கொட்டினான். பிறகு வடித்துவிட வேண்டும் என்றது புத்தகம். படத்தில் குழாய்த் திருகு இருந்த இடத்தில் இந்தக் காரில் ஒன்றுமே இல்லை. காலடி ஓசை கேட்டது, நழுவிவிட்டான்.

சாயங்காலம் செட்டியார் வந்தபோது, சொட்டிக்கொண்டிருந்த வண்டி தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது.

"என்ன பத்துமலை இது? நாளைக்குப் போகணும்ல?"

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி. எனக்கே சூசாவா, சங்கடமா இருக்கு லா, ஒண்ணும் புரியல."

அர்ச்சுனனுக்கு உள்ளே பயம். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு பொறாமை வாயைத் திறந்தது. "புரியாமல் என்ன? ஒழுக்கு நின்றால் இவருக்குச் சவாரி நின்றுபோகும். வேண்டுமென்றே வைத்திருக்கிறார்."

பத்துமலை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ரேடியேட்டரைத் துணியால் ஒற்றி உலர்த்தி, டப்பாச் சுண்ணாம்பைக் குழைத்து, அதன் முகத்திலும் மூட்டுகளிலும் மெல்லியதாகப் பூசினார். "செல்லாயி, மஞ்சத்தூள் கொண்டா!"

பின்கட்டிலிருந்து அவர் மனைவி டப்பாவோடு வந்தாள். "குழம்புக்கு மஞ்சள் இல்ல, காடிக்கு மட்டும் அபிசேகம்!" என்றாள் காரைப் பார்த்து.

பத்துமலை மஞ்சள் கரைத்த தண்ணீரை ரேடியேட்டருக்குள் ஊற்றினார். ஓட்டை எங்கேயோ அங்கே மஞ்சள் கசிந்து, சுண்ணாம்பில் பட்டு, குங்குமப் பொட்டாகச் சிவக்கும். இதுதான் அவர் வித்தை. அர்ச்சுனனுக்குச் சுருக்கென்றது. மஞ்சள் தாளைக் காரத்தில் தோய்த்தால் சிவக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவன் அவன். எழுதினானே தவிர, இப்படி ஒன்று அவனுக்குத் தோன்றியதில்லை. இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்த கணம், சுண்ணாம்பைத் தொடுமுன்பே, ஊற்றிய வாயிலேயே தண்ணீர் சிவந்து நுரைத்தது. கீழே சொட்டியதும் சிவப்பு.

"என்னப்பா, காருக்கு ஆலத்தி எடுக்குறியா?" என்றார் செட்டியார்.

ஏன் சிவந்தது, சுண்ணாம்பைப் போலச் சோடாவும் காரம் என்று அந்தக் கொட்டகையில் உடனே தெரிந்தவன் ஒருவன்தான். இரண்டாவது ஆளும் தெரிந்துகொள்ளத் தொடங்கினார். பத்துமலை ஒரு சொட்டை ஏந்தி இரு விரலால் தேய்த்தார், வழவழத்தது. நாக்கில் வைத்தார். துப்பினார். பிறகு அர்ச்சுனனின் காற்சட்டைப் பையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

அர்ச்சுனன் கப்பலையும், ஊர் மேளத்தையும், அக்காளின் கைகளையும் நினைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ளுக்குள்ள பழைய அழுக்கு முதலாளி," என்றார் பத்துமலை. "கழுவிட்டுப் பாக்குறேன். இன்னைக்கே அடைக்கிறேன். நாளைக்கு நான் வரல, கிராணியார் ஒக்காரட்டும். சுங்காய் போறதுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் என்னை வேலைய விட்டு அனுப்பிருங்க."

செட்டியார் போனபின் அடிக்குழாயைக் கழற்றி மூன்று தடவை அலசினார். நாலாவது தடவை மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. வெள்ளைப் பூச்சில் ஐந்து பொட்டுகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன.

"பழைய வண்டியில பாதி ஓட்டைய துருதான் அடைச்சு வச்சிருக்கும், கிராணியாரே," என்றார், பற்றவைக்கும் இரும்பைக் கரியில் செருகியபடி. "ஒண்ண மூடப் போயி நாலத் தொறந்துட்டீங்க. அந்தக் கரியக் கொஞ்சம் விசிறுங்க."

அர்ச்சுனன் விசிறினான்.

மறுநாள் சுங்காய் வரையில் ஒரு சொட்டு விழவில்லை. வழிநெடுக, "பத்துமலை இருந்தா இந்தச் சத்தம் என்னன்னு சொல்லியிருப்பான்" என்று பேசிக்கொண்டே ஓட்டினார் செட்டியார். லயத்து வாசலில் அக்காள் தம்பியைக் கண் நிறையப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அந்த அண்ணன் வரலியா தம்பி?" என்றாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. பத்துமலை இப்போதும் ரயிலடிக்குப் பின்னால் அதே கொட்டகையில்தான் இருக்கிறார். அர்ச்சுனன் சனிக்கிழமைதோறும் இரண்டாவது இருக்கையில் போகிறான். வண்டி கிளம்புமுன் பத்துமலை தோள்துண்டால் அந்த இருக்கையைத் துடைத்துவிடுவார். பிறகு குனிந்து, ரேடியேட்டரின் அடியில் ஒரு விரலை ஓட்டி, அந்தக் காய்ந்த விரலை அர்ச்சுனனுக்கு நேரே தூக்கிக் காட்டுவார்.