தாதுகோபத்துக்குள் ஒரு கதிரை

செவ்வாய்க்கிழமை மத்தியானம், புலம்பெயர்ந்து வந்த ஊரான ட்ருகனினாவில், நாங்கள் வேலை செய்யும் கிடங்கில் சாப்பாட்டு நேரம். குணம் அண்ணை வேலைக்கு வரவில்லை. அவரோடு அறையில் இருந்தவர் போனில், "அண்ணை நித்திரையிலேயே போயிட்டாரடா" என்றார். பாதிச் சோற்றோடு பெட்டியை மூடினேன்.

கூட வேலை செய்த எங்களுக்கு அவருடைய களனிக் கதை மனப்பாடம். அங்குள்ள புத்த கோயிலான ரஜமகா விகாரை என்று தொடங்கினாலே, "அண்ணை ராசாவைக் கூட்டிக்கொண்டு வாறார்" என்று கேலி செய்வோம். அவர் விடமாட்டார். நயினாதீவில் மாமனும் மருமகனுமான இரண்டு நாக அரசர்கள் மணி பதித்த ஆசனத்துக்காகப் போருக்கு நிற்பார்கள்; புத்தர் வந்து சமாதானம் செய்வார்; களனி அரசன் அவரைத் தன் ஊருக்கு அழைப்பான். களனியில் நெற்குவியல் போல நிற்கும் தூபியான தாதுகோபத்துக்குள் அந்த ஆசனம் இருப்பதாக நம்பிக்கை. "கண்ட ஆள் ஒருத்தருமில்லை. அதுதான் நல்லது. கண்டால் திரும்பச் சண்டை வரும்" என்பார்.

அவருக்கும் அப்படியொரு ஆசனச் சண்டை, கதிரைச் சண்டை இருந்தது. களனியில் மாமாவின் பலசரக்குக் கடையில் பதினாறு வருஷம் உழைத்தவர். மாமா வெளியே போயிருந்த ஒருநாள் முதலாளிக் கதிரையில் இருந்துவிட்டார். திரும்பி வந்த மாமா, சனத்துக்கு முன்னால் "எழும்படா" என்றாராம். எழும்பியவர் அந்தக் கடைக்குத் திரும்பவேயில்லை. பிறகு காலம் அவரைப் படகில் ஏற்றி இந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டது.

புத்தரின் திருநாளான போன வெசாக்குக்கு என்னை இங்குள்ள ஒரு விகாரைக்குக் கூட்டிப்போனார். பழக்கதோஷத்தில் பீடத்திலிருந்த பூவொன்றை எடுத்துக் காதில் செருகினேன். அண்ணை பதறிப்போனார். "டேய், இது எங்கட கோயிலில்லை. வைச்ச பூ வாடுமட்டும் அங்கதான். ஒண்டும் திருப்பி எடுக்கக்கூடாது." வரும் வழியில், நாளைக்கு மாமாவுக்குப் போன் எடுக்கப்போவதாகச் சொன்னார். அந்த நாளை வரவேயில்லை.

கடைசியில், அவர் போன பிறகு, மாமாவுக்கு நான்தான் போன் எடுத்தேன். செய்தியைச் சொன்னதும் கிழவர் ஒன்றுதான் கேட்டார்.

"அவன் என்னைப் பற்றிக் கதைச்சவனோ?"

"ஓம் ஐயா. கதிரைக் கதை சொன்னவர்."

"அண்டைக்குப் பிறகு நான் அதில இருக்கேல்லை, தம்பி. அவன் வந்து இருப்பான் எண்டு துடைச்சுத் துடைச்சு வைச்சனான்."

செத்தவீட்டுக்கு நாலு பேர்தான் போனோம். அதற்குப் பிறகு கிடங்கில் நான் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அண்ணை வழக்கமாக இருந்து சாப்பிட்ட கதிரைக்கு எதிரே தனியாகச் சாப்பிடுகிறேன்.

நேற்றுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதில் வந்து இருந்தார். "எழும்பு" என்று வாய்வரை வந்தது. அண்ணை எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்; சொல்லாமல் விழுங்குவதற்கு. விழுங்கிவிட்டு, என் சோற்றுப்பெட்டியை அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.