பல் டாக்டர் கேட்ட கேள்விகள்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் என் அண்ணியைப் 'பல் டாக்டர்' என்பார்கள். மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்துச் சங்கிலியில் வரிசையாகப் பல் இருக்கும். மழுங்கினால் அரம் போட்டுக் கூராக்க வேண்டும். இருபது வருடமாக அண்ணிக்கு அதுதான் வேலை. வாசலில் ரம்பத்தை வாங்கி, பெயர்ச் சீட்டு கட்டி, உள்ளே அனுப்புவது நான்.

அனுப்பினால் வேலை முடிந்து வர வேண்டாமா? வராது. கேள்விதான் வரும். "தம்பி, இவரு எதை வெட்டினாருன்னு கேளு." எதை வெட்டினால் அண்ணிக்கென்ன? விடமாட்டார். பூதக்கண்ணாடியும் கையுமாக ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார். ஒருமுறை பல் இடுக்கில் பச்சைப் பெயின்ட் துணுக்கு கிடைத்ததென்று ஒரு ஆளை நிற்கவைத்து அரைமணி நேரம் விசாரித்தார். மரத்தோடு சேர்த்துப் பக்கத்து வீட்டு வேலியையும் அறுத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான்! இதெல்லாம் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? வரிசையில் நிற்கிறவர்களிடம் பேச்சு வாங்குவது நான்தானே.

அன்றைக்கு ஒரு மரவெட்டி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல வாட்டசாட்டமான ஆள். ரம்பத்தை மேசையில் வைத்துவிட்டு, "புதுச் சங்கிலி ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்றார்.

"பழசுக்கு என்ன?" உள்ளிருந்து அண்ணியின் குரல்.

ரம்பம் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே இழுக்கிறதாம். மூன்று மாதமாக இப்படித்தான். மறுநாள் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய ஒரு மரத்தை இறக்க வேண்டும். அதிலும் வெட்டு கோணினால், ரம்பத்தை வைத்துவிட்டுக் கிளை பொறுக்கப் போகச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி.

"சங்கிலி மேல குத்தமில்லம்மா. என் கைதான் போச்சு" என்றார். "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் நடுக்கம் ஆரம்பிச்சுது. புதுசு மாட்டினா இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்கலாம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே புதுச் சங்கிலியை எடுத்துவிட்டேன். அதற்குள் அண்ணி வந்து பழைய சங்கிலியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாருண்ணே அரம் போட்டது?"

"நான்தான். முப்பது வருஷமா நான்தான்."

"வலது பல்லெல்லாம் நல்ல கூரு. இடது பல்லெல்லாம் மொக்கை. கூரான பக்கம்தானே ரம்பம் இழுக்கும்? கை நடுங்கினா ரெண்டு பக்கமும்ல கெட்டிருக்கணும்?"

அண்ணியா விடுகிற ஆள்?

"எங்க வச்சு அரம் போடுறீங்க?"

"மக வீட்டுல. பிரசவத்துக்கு ஒத்தாசையா வந்து மூணு மாசம் ஆச்சு."

"வீட்டுல எங்க?"

"சமையக்கட்டு மேடையில."

"மேடை சுவரை ஒட்டி இருக்கா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணி, அடுத்து அடுப்பு எந்தப் பக்கம்னு கேப்பீங்களா?"

"அதையும்தான் கேக்கணும். நீ அந்தப் பக்கம் பிடி" என்று என்னையே கூலியாளாக்கி, வேலை மேசையைச் சுவரோரம் தள்ளவைத்தார். மேசையில் ரம்பத்தை இறுக்கிவிட்டு, மரவெட்டியின் கையில் அரத்தைக் கொடுத்தார். "வீட்டுல போடுற மாதிரியே போடுங்கண்ணே."

வலது பற்களுக்கு அவர் அரத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டார். பார்க்கவே அழகாக இருந்தது. இடது பற்களுக்கு மேசையின் மறுபக்கம் போய் நிற்க வேண்டும். அங்கே சுவர். அதனால் நின்ற இடத்திலிருந்தே மணிக்கட்டை மடக்கி, அரத்தைத் தன் பக்கமாக இழுத்தார். அட! தள்ளினால்தான் அரம் தின்னும். இழுத்தால் சும்மா தடவிக்கொடுத்துவிட்டு வரும். இது எனக்கே தெரியும்.

"முன்னாடி எங்க வச்சுப் போடுவீங்க?" என்றார் அண்ணி.

"எங்க வீட்டு முற்றத்துல. ஒரு மரக்கட்டை மேல வச்சு, இந்தப் பக்கம் போட்டுட்டு அந்தப் பக்கம் சுத்தி வந்து..."

பாதியில் நிறுத்திவிட்டார். அரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையில ஒண்ணுமில்லண்ணே. சுவருதான்" என்றார் அண்ணி.

அவர் நம்பவில்லை. மேசையை நடுவே இழுத்துப் போட்டு, மறுபக்கம் நின்று, இடது பற்களை அவரையே போடச் சொன்னார் அண்ணி. பிறகு மூவரும் கொல்லைப்பக்கம் போனோம். அங்கே ஒரு பெரிய கட்டை கிடந்தது. அவரே அதில் ரம்பத்தை இறக்கினார். விழுந்த துண்டை எடுத்து ஓரத்தில் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடக் கோணவில்லை. சந்தோஷத்தில் அவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டேன்.

அவர் துண்டைப் பார்க்கவே இல்லை. ரம்பத்தை நிறுத்திக் கீழே வைத்தார். வலது கையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா முழிச்சிருக்காளா? தூங்க வச்சிராதம்மா. இதோ வர்றேன். நான் தூக்கணும்."

மகள் அந்தப் பக்கம் ஏதோ கேட்டாள்.

"பேத்திய பிடிக்காமலாடி இருக்கும்? கீழ போட்டுருவேனோன்னு பயந்து கிடந்தேன்டி, மூணு மாசமா!"