ராசாவின் பாய்ச்சல்

தொண்ணூறுகளின் இறுதியில் நுவரெலியாவில் நடந்த விரைவுச் சதுரங்கப் போட்டியொன்றில், நடுவரைத் துணைக்கழைத்து நான் வென்றதாக இன்றும் எங்கள் ஹட்டனில் பேசுகிறார்கள். அது பொய்.

எதிரே அமர்ந்தவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். வெள்ளைக் காய்கள் எனக்கு. கல்லூரிக் காலந்தொட்டு நான் ஆடிவரும் இத்தாலியத் திறப்பையே ஆடினேன்: அரசனின் சிப்பாய், குதிரை, பிறகு அவருடைய அரசனை ஒட்டிய சிப்பாயைக் குறிவைத்து மந்திரி. அவர் வலுவான காரணமெதுவுமின்றி அரசன் பக்கத்துக் குதிரைக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவைத்தார். நான் குதிரையையும் தாக்குதலுக்கு அனுப்பினேன். உடனே அவர் தம் அரசனைத் தூக்கி, குதிரையைப் போலத் தாண்டவைத்து, அந்தச் சிப்பாயின் பின்னே குந்தவைத்தார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அப்படித்தான் ஆடுவார்கள். ஒருமுறையேனும் ‘செக்’ என்ற முற்றுகைக்கு ஆளாகாத ராசாவுக்கு அங்கே ஒரு குதிரைப் பாய்ச்சல் உண்டு. போட்டி விதிகளில் அதற்கு இடமில்லை. நான் வாய் திறக்குமுன்னரே, அவ்வழியே வந்த சிங்கள நடுவர் கடிகாரத்தை நிறுத்தி, ஆட்டம் எனக்கே என்று அறிவித்துவிட்டார். அரசனைப் பழைய இடத்தில் வைத்துத் தொடர விடுங்கள் என்று நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் மறுத்தார். நான் கேட்டது டீமேக்கரின் காதில் தெளிவாக விழுந்தது. அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

அப்படியிருந்தும் வாசலில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார்:

“ஆடி ஜெயிக்க ஏலாம நடுவர கூப்புட்டுட்டாருங்க நம்ம சாரு. ராசாவுக்கு ஒரு பாய்ச்சல் உண்டுன்னு அவருக்குத் தெரியாதா என்ன?”

அந்தப் பேச்சு எனக்கு முன்னே பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்துவிட்டது. உத்தியோகத்தர் மன்றத்தில் நான் பலகையை விரித்தாலே, “இருங்க சார், நடுவர் வந்துரட்டும்” என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீமேக்கரே அங்கு வந்திருந்தார். நுவரெலியாவில் ஆட்டம் நின்ற நிலையைக் காய் பிசகாமல் அடுக்கினேன்.

“ராசாவப் பழைய எடத்துல வச்சிருக்கேன். ஒக்காருங்க.”

அவர் பலகையைப் பார்த்தார். ஆடினால் தோற்கக்கூடும், ஆடாவிட்டால் கெடுவது என் பெயர் மட்டுமே. அதை அவர் கணக்கிட்டதை நான் கண்ணால் கண்டேன்.

“எதுக்குங்க சார்? ஜெயிச்சவரு நீங்கதானே” என்று கும்பிட்டார். மன்றமே சிரித்தது.

அந்தக் கும்பிட்டை நான் இன்றுவரை ஏற்கவில்லை.