அகழியில் ஓர் ஆல்ட்டர்

அண்ணன் போன் செய்தபோது காலை மணி ஆறு பத்து. "உங்க அண்ணி போயிட்டாம்மா" என்றான். உடனே, "இரு, அடுப்புல பால் இருக்கு" என்று போய் அணைத்துவிட்டு வந்தான். அண்ணி தூக்கத்திலேயே போயிருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது. மூன்று வாரம் ஆகிறது.

அண்ணியைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு கதவு அகலமே உள்ள தையல் கடை. புதுத் துணி எதுவும் தைக்கமாட்டாள். இடுப்பைப் பிரித்துவிடுவது, கையைக் குட்டையாக்குவது, அண்ணன்காரன் சட்டையைத் தம்பிக்காரனுக்குப் பிடித்துக் கொடுப்பது. எல்லாமே ஆல்ட்டர் வேலை. முப்பது வருடம் செய்தாள். கடை இருந்த கட்டடத்தை இடித்த பிறகு வீட்டில் உட்கார்ந்து அண்ணனை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாள். "இவள எங்கயாவது கூட்டிட்டுப் போயேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவன் என்னிடம் கெஞ்சினான்.

நான் அகழாய்வில் வரைபடம் போடுகிறவள். எங்கள் நகரத்தின் பழைய மதிலைச் சுற்றி, அறுநூறு எழுநூறு வருடங்களுக்கு முன்பு, எதிரிகளுக்குப் பயந்து அகழி வெட்டியிருந்தார்கள். இப்போது அது நூலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடம். அங்கே தோண்டும் ஆட்களோடு அண்ணியையும் சேர்த்துவிட்டேன். முதல் வாரமே ஒரு பழைய மெத்தையைக் கிழித்து, ஆளுக்கு ஒரு ஜோடி முழங்கால் மெத்தை தைத்துக் கொடுத்தாள். எனக்கு மட்டும் இல்லை.

"நீ நின்னுக்கிட்டே வரையறவ. உனக்கெதுக்கு?"

அது குத்தல் என்று எனக்கு உறைக்க மூன்று வருடமாயிற்று.

குழியின் பக்கச் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே இடிந்த மதிலின் கல், அதற்குக் கீழே சாம்பலும் எலும்பும், பிறகு கறுப்புச் சேறு, எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் களிமண். அதைக் கன்னி மண் என்போம். மனிதக் கை படாத மண். அது வந்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த வருடத்தின் கடைசிக் குழியிலும் அது வந்துவிட்டது. அகழியை ஒரே வளைகோடாக வரைந்து முடித்தேன். திங்கட்கிழமை குழியை மூட இயந்திரம் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி என் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு கோடுதானே போட்டிருக்க? ரெண்டு இருக்கு."

"எங்க அண்ணி? எனக்கு ஒண்ணும் தெரியல."

"இது ஆல்ட்டர் பண்ண அகழி. முதல்ல பெருசா வெட்டியிருக்காங்க. கரை மண்ணே சரிஞ்சு அது தூர்ந்துபோனதும் உள்ளுக்குள்ள சின்னதாப் பிடிச்சு மறுபடி வெட்டியிருக்காங்க. பழைய தையல் தடம் எங்க போகும்?"

நேராக அகழாய்வு டைரக்டரிடம் போனாள். அவர் சிரித்துவிட்டார். "அது தண்ணி நின்ன கோடும்மா."

"தண்ணி நின்னா கோடு படுத்தில்ல இருக்கணும் சார்? இது சாஞ்சு எறங்குதே."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு மதியம் வரைக்கும். அதுக்கு மேல ஒரு கூடை மண்ணு எடுக்கக்கூடாது."

பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். "தப்பாப் போச்சுன்னா இனிமே நான் வரமாட்டேன். கடையும் போச்சு, கண்ணும் போச்சுன்னு வீட்டோட இருந்துக்கறேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில், இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலோடு வந்தாள். சுவரில் பூப்போலத் தெளித்தாள்.

"முட்டி போடு."

"எதுக்கு?"

"போடுடி, சொல்றேன்ல."

முட்டி போட்டேன். ஈரமான மஞ்சள் மண்ணுக்குள் இன்னொரு கோடு சரிந்து இறங்கியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கரித்தூள் புள்ளிகள், அந்தப் பக்கம் சுத்தமான களிமண். நின்று பார்க்கிறவளுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது.

கோட்டின் ஓரமாகவே தோண்டினார்கள். பதினொன்றரைக்கு, நாங்கள் கன்னி மண் என்று கைகழுவிய இடத்திலிருந்து மூன்று சாண் கீழே, கறுப்புச் சேற்றில் ஒரு தோல் துண்டு வந்தது. செருப்பின் அடிப்பாகம். டைரக்டரே குழிக்குள் இறங்கிவிட்டார்.

"கன்னி மண்ணுக்குள்ள செருப்பா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணி அவரைப் பார்க்கவே இல்லை. செருப்பின் ஓரத்துத் தையல் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் நெருக்கி நெருக்கித் தச்சிருக்கான். அந்தப் பக்கம் எட்ட எட்டப் போட்டிருக்கான். பொழுது சாஞ்சிருக்கும், வீட்டுக்குப் போற அவசரம்."

திங்கட்கிழமை வந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அறிக்கையில் அந்த இரண்டாம் வெட்டுக்கு 'மறுவெட்டு' என்று பெயர். குழியில் டைரக்டர் உட்பட எல்லோரும், "ஆல்ட்டர் எவ்வளவு ஆழம் போகுது?" என்றுதான் கேட்டோம். அந்த நாட்களில் அண்ணி சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து, உலை கொதிக்கும்வரை அகழிக் கதையே பேசுவாளாம். இடையில் வாயைத் திறந்தால் தனக்கும் ஆல்ட்டர்தான் என்று அண்ணன் சிரித்தபடி சொன்னான். அவள் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

இயந்திரம் திரும்பிப் போன அன்று என் பழைய வளைகோட்டை அழித்துவிட்டு, முட்டி போட்டபடி இரண்டு கோடு வரைந்தேன். எழுந்தபோது முழங்காலில் சின்னச் சின்னக் கல் பதிந்திருந்தது. அண்ணி கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள்.

"இப்பத்தான் உனக்கு அளவெடுக்கணும். காலக் காட்டு."

நேற்று அண்ணன் ஒரு பையைக் கொடுத்தான். வலது முழங்கால் மெத்தை தைத்து முடிந்திருக்கிறது. இடதில் மூன்று பக்கம் தையல் ஓடியிருக்கிறது. நாலாவது பக்கத்தில் நூலோடு ஊசி குத்தியிருக்கிறது.