பிளக்கைப் போட்டது நான் இல்ல

நம்பாதவங்க கல்முனைக்கு வந்து காலிதீன்ட, அதான் என்ட, கராஜ் எங்க என்று கேளுங்க. குணம் இப்பவும் என்னோடதான் வேலை செய்றான், கூடப் பிறந்த அண்ணன் மாதிரி ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவான்; அவன்ட வாயாலயே கேட்டுப் பாருங்க. ராவில பேயைக் கண்ட ஆக்கள் ஊருக்குள்ள நிறைய. எனக்கு நடந்தது வெள்ளிக்கிழமை, பட்டப்பகல்.

மருதமுனை அப்ராஸ் வெளிநாட்டில ஏலத்தில எடுத்து அனுப்பின கார் அது. உலகத்திலயே மொத்தம் நூற்றைம்பதுதான் செய்தாங்களாம். பின்னுக்கு பெற்றோல் எஞ்சின், முன் சில்லு ரெண்டுக்கும் ஒவ்வொரு மோட்டர். பற்றரியில ஓடினா வாற சத்தமே கேக்காது. சீட் அசையாது, பெடலைத்தான் ட்ரைவர்ட காலுக்கு இழுத்து எடுக்கணும். கட்டார்ல எட்டு வருஷம் ஹைபிரிட் வேலை செய்தவன் நான். சும்மா சொல்லக்கூடாது, செய்தவன் கெட்டிக்காரன். ஆனா கண்ட நாளில இருந்தே எனக்கு அந்தக் காரைப் பிடிக்கல்ல.

நற்பிட்டிமுனையில பூட்டிக் கிடந்த நெல் மில்லுக்குள்ள வச்சுத்தான் வேலை. பற்றரிக்குள்ள தண்ணி கசிஞ்சிருந்திச்சு, திறக்கணும். ஐந்நூறு வோல்டுக்கு மேல... தொட்டா ஆள் முடிஞ்சான். அதால முதல்ல சேவிஸ் பிளக்கைக் கழட்டுவம். பற்றரிக்குள்ள கரண்ட் போற பாதையையே ரெண்டாப் பிரிக்கிற கைப்பிடி அது. வேற யாரும் திருப்பிப் போடாம இருக்க, கழட்டினவன் தன்ட பொக்கட்டில வச்சிருக்கணும். என்ட கராஜ்ல அது சட்டம்.

காலம 9.15க்குக் கழட்டி போட்டிருந்த களிசான்ட பொக்கட்டில வச்சன். லைட்டுக்குக் கரண்ட் குடுக்கிற சின்னப் பற்றரியையும் கழட்டி நிலத்தில வச்சம். இனி அந்தக் காரில ஒரு லைட்டும் எரிய ஏலாது.

10.40.

டிங்…

சீட்டில இருக்கிறவர் பெல்ட் போடாட்டி வருமே, அந்தச் சத்தம். ஒரேயொரு தரம். குணம் என்னைப் பார்த்தான்.

"கரண்டே இல்லையே காக்கா?"

"மிச்சம் சொச்சம் இருக்கும். வேலையைப் பாரு."

பொய் என்று எனக்கே தெரியும்.

11.20க்கு டோரைத் திறந்தன். பெடல் ரெண்டும் கிட்ட வந்திருந்திச்சு. அப்ராஸ் ஆறடி, நான் கட்டை. காலை நீட்டிப் பார்த்தன்... என்ட அளவுக்குச் சரி. நான் அந்த சீட்டில ஒரு நாளும் இருந்ததில்ல.

12.05க்கு பாங்கு சொல்லிட்டாங்க. குணம் பாண்டிருப்பு ஆள், இந்து; ஜும்ஆ நேரம் அவன் தனியத்தான் வேலை செய்வான். கிறீஸ் பிடிச்ச களிசானோட பள்ளிக்குப் போகேலாதே. கை கால் கழுவி ஒழு எடுத்து, சாரத்தை உடுத்து, களிசானை ஆணியில கொழுவிட்டு ஓடினன். இமாம்ட குத்பாப் பேச்சு நடக்கேக்க கை தன்னால இடுப்பைத் தடவிச்சு...

பிளக் களிசானோட ஆணியில. மடையன் நான்!

குணத்தை விட்டா ஆளில்லாத மில்லில யார் போடப் போறாங்க என்று இருக்கப் பார்த்தன். ஏலல்ல. அந்தச் சத்தம்... அந்தப் பெடல்... குணத்துக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைகள். அவனுக்கு ஒண்டு நடந்தா கொன்றவன் நான்தான். குத்பாவுக்கு நடுவில எழும்பி ஓடினன். சனம் பார்த்தாப் பார்க்கட்டும்.

கடையெல்லாம் பூட்டு. ஒழுங்கையில ஒரு மனுசர் இல்ல. மில் வாசலிலயே கேட்டிச்சு.

டிங்… டிங்… டிங்…

12.34.

ஆணியில களிசான் இல்ல.

சின்னப் பற்றரி நிலத்திலதான் கிடக்கு. காரில லைட் எரியுது. பிளக் அதன்ட இடத்தில இறுகி இருக்கு. பின்னுக்கு குணம் குனிஞ்சு நிற்கிறான். கையில கிளவ்ஸ் இல்ல. பெரிய கரண்ட் போற ஆரஞ்சு வயருக்கும் விரலுக்கும் ஒரு விரக்கடைதான்...

"டேய்! எடுடா கையை!"

கொலரில பிடிச்சு இழுத்தன். ரெண்டு பேரும் நிலத்தில விழுந்தம்.

"என்ன காக்கா? நீங்கதானே இப்ப வந்து சொன்னீங்க?"

"என்னடா சொன்னன்?"

"பிளக் என்ட பொக்கட்டில கிடக்கு, கிளவ்ஸைக் கழட்டிட்டுக் கெதியாச் செய் என்று..."

என்ட சாரத்தைப் பார்த்தான்.

"களிசானோட நின்டீங்களே..."

டிங்… டிங்…

ட்ரைவர் சீட்டைப் பார்த்தன். என்ட களிசான். முழங்கால் மடிஞ்சு... இருக்கிற மாதிரி. உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல.

பெடல் மெதுவா அமுங்கிச்சு.

யா அல்லாஹ்! ஓடினம்.

காரை எடு என்று அப்ராஸைக் கிழிகிழி என்று கிழிச்சன். மூணாம் நாள் லொறியில ஏத்தேக்கதான் அவன் வாயைத் திறந்தான். ஏலத்துக்கு வர முந்தி, வெளிநாட்டுக் கராஜ் ஒண்டில அதே பற்றரியைத் திறந்திருக்காங்க. ஒருத்தன் கரண்ட் அடிச்சு மௌத்து. கூட வேலை செய்தவன் வந்து பிளக்கைப் போடுறது கேமராவில முகத்தோட தெரியுதாம்.

அந்த நேரம் அவன் பள்ளியில. பக்கத்தில நின்டு தொழுத பதினொரு பேர் கோட்டுக்கு வந்து சத்தியம் பண்ணிச் சொன்னாங்களாம். கேமராவில இருக்கிற முகத்தை யார் இல்லையென்கிறது...

அவன் இன்னும் மறியல் கம்பிக்குப் பின்னாலதான்.