பன்னிரண்டு அடி டிரெய்லர்

ஓ.எல். வரை, அதாவது பத்தாம் வகுப்புச் சோதனை வரைதான் படித்தவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று சொல்லாமல் விட்டதை இன்றைக்கும் வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். லண்டன் எட்மண்டனில், காரின் பின்னால் கொளுவி இழுக்கும் டிரெய்லர் விற்கும் யார்ட் ஒன்றில் எனக்கு வேலை. அக்காவும் அத்தானும் நோர்வேயின் வடக்கிலிருந்து வந்து வெம்பிளியில் கடை நடத்தினார்கள். வரும்போது சாமான் லொறியில் இரண்டு ஸ்னோ ஸ்கூட்டர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பனியில் ஓடும் வண்டி. பின்னால் நீளமான ரப்பர் பட்டை சுற்றும். ஆழப் பனியிலும் புதையாது. ஒன்று அத்தானுடையது, மற்றது அக்காவுடையது. லண்டனில் அவை தார்ப்பாயின் கீழ் கிடந்தன. வெம்பிளிக்குப் பனி எப்ப வரும் என்று கடைக்கு வருகிறவர்கள் அத்தானைப் பகிடி பண்ணுவார்கள். அக்கா மட்டும் மாதம் ஒருமுறை தார்ப்பாயை விலக்கித் தன்னுடையதைத் துடைத்து வைப்பார்.

கடை சரிவரவில்லை. திரும்பிப் போக முடிவெடுத்தார்கள். நியூகாசிலில் கப்பல் பிடிக்க வேண்டும். இரண்டையும் காரின் பின்னால் இழுத்துப்போக ஒரு திறந்த டிரெய்லர் வேண்டும், உன் வேலைதானே, நீயே தெரிவு செய் என்றார் அத்தான்.

வியாழன் மாலை போய் அளந்தேன். வண்டி ஒவ்வொன்றும் பதினொரு அடி. முன் சறுக்குக் கட்டைகள் அகலமானதால் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க நிறுத்த ஏலாது. ஒன்று முன்னும் மற்றது பின்னும் பார்க்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு அடித் தட்டு தேவை. யார்டில் அப்படி ஒன்று இருந்தது. பழையது, மூலையில், ஒரு சக்கரத்தில் காற்று இல்லாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அவர்கள் வந்து சேரவே பத்தே கால் ஆகிவிட்டது. வாசலருகே பத்தடி டிரெய்லர் ஒன்று புத்தம் புதிதாக நின்றது. அத்தான் நேரே போய் அதில் கை வைத்தார்.

"இது நல்லாயிருக்கு மச்சான். என்ன சொல்லுறாய்?"

அக்கா அதற்குள் கைப்பையைத் திறந்து, சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் தொடங்கும்போது தடைச்சொல் சொல்லக்கூடாது என்றே எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அதுவும் அத்தானிடம்.

"ஓம் அத்தான்," என்றேன்.

தேசிக்காய் நசிந்தது. அத்தான் சந்தோஷமாக இழுத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமையும் யார்ட் திறந்திருக்கும், மாற்றிக் கொடுத்திருக்கலாம். இரண்டு தடவை ரிசீவரை எடுத்தேன். தேசிக்காய் நசித்து எடுத்த வண்டியைப் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் கொஞ்சம் நெருக்கி ஏற்றிவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் ஏற்றினோம். யார்ட் பூட்டு. கப்பல் அடுத்த நாள். சறுக்குக் கட்டைகளைத் தட்டில் பட வைத்தால், பின்னால் பார்க்க நிறுத்திய வண்டியின் பட்டை டிரெய்லரின் முன்விளிம்பைத் தாண்டிக் கார்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பத்தில் காரின் பின்கண்ணாடியை உடைத்துவிடும். மூன்று தரம் இறக்கி ஏற்றினோம். ஒன்றை மட்டும் நடுவில் ஏற்றி, பின்னால் நீட்டிய துண்டுக்குச் சிவப்புத் துணி கட்டினால் போகலாம். இரண்டுக்கும் வழியில்லை.

அத்தான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கடையை ஏத்துங்கோ," என்றார் அக்கா. "எனக்கு இனி முதுகு ஏலாது."

முதுகு நோகிறது என்று அவர் அதற்கு முன் சொல்லிக் கேட்டதில்லை. அத்தான் கயிறு எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ வியாழக்கிழமை வந்து அளந்தனி எல்லோ?"

"ஓம் அக்கா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தன் வண்டியின் இருக்கையை ஒருமுறை துடைத்துவிட்டு, துணியை என் கையில் தந்தார். கார் புறப்பட்டபோது "போயிட்டு வாறம்" என்றது அத்தான் மட்டும்தான்.

மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மூலையில் நின்ற பன்னிரண்டு அடி டிரெய்லரின் சக்கரத்துக்குக் காற்று அடித்தேன். பத்து நிமிடம் எடுத்தது.